குப்பாயி தேடுன கண்டம்

ஒரு ஊர்ல, ஊர் பேரு கோரைப்பள்ளம்னு வச்சுக்கங்க, அங்க கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுற குடும்பம் ஒண்ணு இருந்துச்சாம். ஆம்பளை பேரு ஆண்டியப்பன், அவன் பொண்டாட்டி பேரு மருதாயி, ஆண்டியப்பனோட தங்கச்சி பூவாயியும் அந்த வீட்டுலதான் இருந்தா. வீடு நிறைய வெல்லம் அடுக்கிக் கிடந்துச்சு, ஆனா தின்ன ஒரு பிள்ளை இல்ல. பிறக்காம இல்ல, பிறந்துச்சு, தங்கல. முதப் பிள்ளையும் தங்கல, ரெண்டாம் பிள்ளையும் தங்கல, மூணாம் பிள்ளையும் தங்கல. மருதாயி அழுத அழுகையை நான் சொல்லமாட்டேன், சொன்னா உங்களுக்குச் சோறு இறங்காது.

அப்புறம் நாலாவதா ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சாம். பிள்ளை தங்காத வீட்டுல அந்தக் காலத்துல என்ன செய்வாங்க தெரியுமா? பிறந்த பிள்ளையை முறத்துல வச்சுக் கொண்டுபோய் குப்பைமேட்டுல ஒரு உருட்டு உருட்டி, இது பிள்ளை இல்ல, குப்பைன்னு சொல்லி விட்டுட்டு வந்துருவாங்க. உடனே பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்துட்டு வருவா, அவகிட்ட கொஞ்சம் தவிட்டைக் குடுத்து, விலைக்கு வாங்குற மாதிரி வாங்கிக்குவாங்க. எமன் வந்து பாத்தா இது யார் வீட்டுப் பிள்ளைன்னே புரியாம முழிச்சிட்டுத் திரும்பிப் போயிருவானாம். அப்படி உருட்டித் தவிட்டுக்கு வாங்குன பிள்ளைதான் இவ, அதனால பேரு குப்பாயி. ஏய், யாரு அங்க சிரிக்கிறது? நல்ல பேருடா அது. பிள்ளையை உயிரோட வச்சிருந்த பேரு.

பிள்ளை தங்கிருச்சு, ஆனா மருதாயிக்குப் பயம் போகல. பிள்ளை தூங்குனா மூக்குக்கிட்ட விரலை வச்சு மூச்சு வருதான்னு பாப்பா. அடுப்புல கொப்பரை கொதிக்கும், பாகு பதம் தப்பும், இவ அதை விட்டுட்டு ஓடிவந்து பாப்பா. பிள்ளை தும்முனா இவளுக்கு உயிர் பாதி போயிரும்.

அந்த நேரம் பாத்து சடைச்சாமின்னு ஒருத்தன் வந்தானாம். தலையில சடை, நெத்தி நிறைய திருநீறு, ஊர் ஊராப் போயிக் குறி சொல்றவன். அப்ப ஆளு ஒல்லியாத்தான் இருந்தான், இதை ஞாபகம் வச்சுக்கங்க. வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சுனான், வெல்ல வாசம் வந்துச்சு. மருதாயி மூஞ்சியைப் பாத்தான், பயம் தெரிஞ்சுச்சு. அது போதும் அவனுக்கு.

"தாயி, இந்தப் பிள்ளைக்கு மண்ணுல கண்டம் இருக்கு."

கண்டம்னா தெரியுமில்ல? உயிருக்கு வர்ற ஆபத்து. சில பேருக்குத் தண்ணியில கண்டம்னு சொல்லுவாங்க, சில பேருக்கு நெருப்புல கண்டம்னு சொல்லுவாங்க. இவன் மண்ணுலன்னுட்டான். மருதாயிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"சாமி, நான் என்ன செய்யட்டும்?"

"பிள்ளை காலு மண்ணுல படக்கூடாது. நான் அமாவாசைக்கு அமாவாசை வந்து, கண்டம் விலகக் கழிப்புக் கழிச்சுக் குடுக்கிறேன். இப்பதைக்கு ஒரு சட்டி வெல்லம் வை."

வச்சா. அன்னையிலிருந்து பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கல. இடுப்பு வலிச்சா கட்டில், கட்டில் இல்லைன்னா தொட்டில், மண்ணு மட்டும் கிடையாது.

அடுத்த அமாவாசைக்கு வந்தான். "தாயி, வெயில்லயும் ஒரு கண்டம் தெரியுதே." ஒரு பானை வெல்லம் வாங்கிட்டுப் போனான். அன்னையிலிருந்து கதவும் சன்னலும் சாத்தியாச்சு.

அதுக்கு அடுத்த அமாவாசைக்கும் வந்தான். "தாயி, பசியிலயும் ஒரு கண்டம் இருக்கே. பிள்ளை வயிறு ஒரு நிமிசம் காலியா இருக்கக்கூடாது." ஒரு மூட்டை வெல்லம் தூக்கிட்டுப் போனான். அன்னையிலிருந்து அத்தைக்காரி பூவாயிக்கு வேலையே பிள்ளை வாயில வெல்லம் போடுறதுதான். பிள்ளை ஆவ்னு கொட்டாவி விட்டாலும் போடுவா, அம்மான்னு கூப்பிட வாயைத் திறந்தாலும் போடுவா, அழுதா ரெண்டா போடுவா. பாவம், அவளும் பாசத்துலதான் போட்டா.

இப்படியே போச்சு, பிள்ளை வளந்துச்சு. வளந்துச்சுன்னா மேல வளரல, பக்கவாட்டுல வளந்துச்சு. உடம்பு பெருத்துருச்சு, காலு ரெண்டும் வெளுத்து, பிசைஞ்ச மாவு மாதிரி மெத்துன்னு கிடக்குது. அதே வயசுப் பிள்ளைங்க தெருவுல கிளியந்தட்டு விளையாடுது, இவ கட்டில்ல உக்காந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருப்பா. ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசுனா மூச்சு இரைக்கும். மருதாயி அந்த இரைப்பைக் கேட்டுக்கிட்டே இருப்பா. அய்யோ, கண்டம் கிட்ட வருதோன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கித் தூக்கி வச்சுக்குவா. கூத்தைப் பாத்தீங்களா? எதனால இரைக்குதோ அதையே இன்னும் அதிகமாச் செஞ்சா. அவளைத் திட்டாதீங்க. மூணு பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்குப் புத்தி எங்க நேரா நிக்கும்?

ஒருநாள் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஆலைப்பக்கம் நடந்தா. பிள்ளையோ கனம், இடுப்போ தேஞ்சு போச்சு, கரும்புச் சக்கையில காலு வழுக்கி மருதாயி ஒரு பக்கம் விழுந்தா, பிள்ளை ஒரு பக்கம் விழுந்துச்சு. எங்க விழுந்துச்சு? நேராக் குப்பைமேட்டுல. உள்ளங்கால் ரெண்டும் மண்ணுல நல்லா அழுந்த.

மருதாயிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பிள்ளையை வாரி எடுத்து மடியில போட்டுக்கிட்டு, போச்சு, எல்லாம் போச்சுன்னு அங்கயே உக்காந்துட்டா. பிள்ளை மூஞ்சியைப் பாக்குறா, நெஞ்சுல கை வச்சுப் பாக்குறா, மூக்குல விரல் வச்சுப் பாக்குறா. இப்ப போகுமோ, இந்தா போகுமோன்னு பாத்துக்கிட்டே இருக்கா. நிழல் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போயிருச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அப்பதான் அவளுக்குத் தான் உக்காந்திருக்கிற இடம் எதுன்னு உறைச்சது.

"இங்கதானே உன்னை உருட்டுனோம். பிறந்த பச்சை உடம்போட, இந்த மண்ணுலதானே உருட்டுனோம். மண்ணுல கண்டம்னா அன்னைக்கே போயிருப்பியே நீ."

சொல்லிட்டு அவளே திடுக்குன்னு ஆயிட்டா. இத்தனை நாளா இது ஏன் தோணல? வீட்டுக்கு ஓடிப்போயிச் சொன்னா.

ஆண்டியப்பன் தலையைச் சொறிஞ்சான். "அது நெசந்தான் புள்ள. ஆனா சாமி சொன்னது பலிச்சிருச்சுன்னா?"

பூவாயி கையைப் பிசைஞ்சா. "மதினி, எனக்குப் பயமா இருக்கு மதினி."

"எனக்கும்தான் பயமா இருக்கு. ஆனா இந்த மூச்சு இரைக்கிறதைக் கேட்டீங்களா? இவ இப்படியே இருந்தாலும் நமக்குத் தங்கமாட்டா. ஒரு தடவை இறக்கி விட்டுப் பாப்போம்."

சரின்னு மூணு பேரும் சம்மதிச்சு, பிள்ளையைக் கட்டிலோட முற்றத்துக்குக் கொண்டுவந்தாங்க. ஆனா பிள்ளை சம்மதிக்கல. காலை மடக்கி வயித்தோட சேத்துக்கிட்டு, வீறுவீறுன்னு கத்துது.

"மாட்டேன். கீழ கண்டம் இருக்கு. காலைக் கடிக்கும்."

இவங்களுக்கு ஒண்ணும் புரியல. "கண்டம் எப்படி கண்ணு கடிக்கும்?"

"நீங்கதான சொன்னீங்க, மண்ணுல கண்டம் இருக்குன்னு. அதுக்குப் பல்லு இருக்கும். மண்ணுக்குள்ள படுத்திருக்கும். ஒரு கண்டம் வெயில்ல நிக்குது. இன்னொரு கண்டம் பசிக்குள்ள இருக்குது."

அட, பிள்ளை என்ன நினைச்சிருக்கு பாருங்க. கண்டம்னா ஏதோ ஒரு மிருகம்னு நினைச்சிருக்கு. இத்தனை வருசமா அந்தக் கட்டிலுக்குக் கீழ ஒண்ணு வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்குதுன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருக்கு. தன் பயத்தைத் தான் மட்டும் சுமக்குறோம்னு நினைச்சாளே மருதாயி, பிள்ளை அதுக்குப் பல்லு, நகமெல்லாம் வச்சு வளத்திருக்கு.

ஆண்டியப்பன் கட்டில்ல சாஞ்சுக்கிட்டே சொன்னான், "ஒண்ணும் செய்யாது கண்ணு, இறங்கி நட."

பூவாயி பலகையில உக்காந்துக்கிட்டே சொன்னா, "ஒண்ணும் செய்யாது கண்ணு, இறங்கி நட."

மருதாயி ஆட்டுக்கல்லு மேல உக்காந்துக்கிட்டே சொன்னா, "ஒண்ணும் செய்யாது கண்ணு, இறங்கி நட."

பிள்ளை மூணு பேரையும் பாத்துச்சு. "நீங்க ஒருத்தருமே கீழ உக்காரலையே."

"நாங்க தினமும் மண்ணுலதானம்மா நடக்குறோம்?"

"உங்களுக்குக் காலு காய்ச்சுப் போச்சு, கடிச்சா வலிக்காது. சின்னப் பிள்ளையாட்டம் இறங்குனாத்தான் தெரியும்."

யோசிச்சுப் பாத்தா மருதாயி. அப்புறம் ஆட்டுக்கல்லை விட்டு இறங்கி, சேலையை இழுத்துச் சொருகிட்டு, முற்றத்து மண்ணுல நாலு காலு போட்டுத் தவழ ஆரம்பிச்சிட்டா. தவழ்ந்துக்கிட்டே கூப்பிடுறா:

"கண்டமே கண்டமே, எங்க இருக்க? என் பிள்ளை வந்திருக்கா, வெளிய வா."

ஓரக் கண்ணால பிள்ளையைப் பாக்குறா. பிள்ளை கழுத்தை நீட்டுச்சு. பூவாயியும் இறங்கித் தவழ்ந்தா. ஆண்டியப்பனுக்குத்தான் கௌரவம் தடுத்துச்சு, தெருக்கதவைச் சாத்திட்டு வந்து தவழ்ந்தான். மீசையில மண்ணு ஒட்டிக்கிச்சு. அதைப் பாத்ததும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே ஒரு கால்விரலைத் தரையில வச்சுச்சு. எடுத்துருச்சு. உள்ளங்காலை வச்சுச்சு. எடுத்துருச்சு. மூணாந்தடவை வச்ச காலை எடுக்கல. மருதாயிக்கு உள்ள திக்குதிக்குன்னு அடிக்குது, வெளிய சிரிக்கிறா.

அன்னையிலிருந்து அந்த வீட்டுல அதுதான் வேலை. விடிஞ்சதும் குடும்பமே கண்டம் தேடக் கிளம்பிரும். முதல்ல முற்றம் முழுக்கத் தேடுனாங்க, கிடைக்கல. அப்புறம் கிணத்தடி வரைக்கும் தேடுனாங்க, கிடைக்கல. அப்புறம் கரும்புத் தோட்டம் வரைக்கும் போயி, வரப்பு வரப்பா, வெயில்ல நின்னு தேடுனாங்க, அங்கயும் கிடைக்கல. தவழ்ந்த பிள்ளை சுவத்தைப் பிடிச்சு நின்னுச்சு, நின்ன பிள்ளை அத்தை கையைப் பிடிச்சு நடந்துச்சு, நடந்த பிள்ளை ஓடுச்சு. தெருப் பிள்ளைங்க "என்ன தேடுற குப்பாயி?"ன்னு கேட்டுச்சு, "கண்டம்"னுச்சு, அதுங்களும் சேந்து தேட ஆரம்பிச்சிருச்சு. அம்மாவும் அப்பனும் பின்னாடி நடக்க நடக்க, பிள்ளை திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடும். அவங்க நின்னா அதுவும் நின்னுரும். அதனால அவங்க நிக்கிறதே இல்ல. ஆண்டியப்பன் தொந்தி போன இடம் தெரியல.

ஒருநாள் தோட்டத்துல இருந்து வந்த பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாம். "அம்மா, வயித்துக்குள்ள யாரோ கூப்பிடுறாங்கம்மா."

மருதாயி பதறிப் போயிட்டா, பசிக் கண்டம் வந்துருச்சோன்னு. அப்புறம்தான் விளங்குச்சு. "அது பசி கண்ணு. பசின்னா அதான்."

பாத்தீங்களா, பசியே இன்னதுன்னு தெரியாம வளந்த பிள்ளை. பூவாயி பழக்கத்துல வெல்லத்தை எடுத்தா, மருதாயி கையைப் பிடிச்சுக்கிட்டா. கம்மங்கூழை மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயத்தை உரிச்சு வச்சுக் குடுத்தாங்க. பிள்ளை மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, "இன்னும்"னு கேட்டுச்சு. இன்னும்னு அது கேட்டது அதுதான் முதத்தடவை. பூவாயி சேலைத் தலைப்புல கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

மூச்சு இரைப்பு போச்சு. ஆனா மருதாயி மனசு மட்டும் அமாவாசையை நினைச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த மாசம் சடைச்சாமி அசலூர்ல எங்கயோ விருந்துல மாட்டிக்கிட்டான் போல, அமாவாசைக்கு வரல. அதுக்கு அடுத்ததுக்கு வந்துட்டான்.

வந்த ஆளைப் பாக்கணுமே. அந்த ஒல்லிச் சாமியை எங்கயும் காணோம். வருசக்கணக்கா இவங்க வீட்டு வெல்லத்தைத் தின்னு தின்னு, வயிறு முன்னாடி வருது, சாமி பின்னாடி வர்றாரு. வெல்லம் ஏத்த ஒரு கழுதை, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறான். வந்தவன் கண்ணுல முதல்ல பட்டது பிள்ளையோட புழுதிக் காலு. அன்னைக்குன்னு பாத்து அதுல ஒரு நெருஞ்சி முள்ளு குத்தியிருந்துச்சு, பிள்ளை நொண்டிக்கிட்டு வருது.

"அடிப் பாவி. மண்ணுல விட்டுட்டியா? இந்தா, கண்டம் காலைப் பிடிச்சிருச்சு பாரு. இனி பிள்ளை இந்த அமாவாசை தாண்டாது."

மருதாயிக்கு அவ்வளவு நாள் சேத்து வச்ச தைரியமெல்லாம் கரைஞ்சு போச்சு. மூணு பிள்ளை முகமும் கண்ணு முன்னாடி வந்துச்சு. அவன் காலுல போயி விழுந்துட்டா. "சாமி, தெரியாமச் செஞ்சுட்டேன் சாமி. பிள்ளையை மட்டும் காப்பாத்திக் குடுங்க. என்ன வேணாலும் எடுத்துக்கங்க."

"அப்ப ஆலையை எனக்கு எழுதிக் குடு. பிள்ளையைத் திரும்பக் கட்டில்ல ஏத்து. இறங்க விடாத."

பூவாயி அழுதுக்கிட்டே பிள்ளையைத் தூக்கப் போனா. பிள்ளை அவ கையில சிக்காம, உக்காந்து முள்ளைத் தானே பிடுங்கிப் போட்டுட்டு, சடைச்சாமி முன்னாடி வந்து நின்னுச்சு. அதுக்குப் பயமே இல்ல, ஆவல்தான். கண்டத்தைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சிருக்காருல்ல?

"சாமி, கண்டம் எப்படி இருக்கும்? நாங்க எல்லா இடமும் தேடிட்டோம், கிடைக்கல."

பிள்ளையை நல்லா மிரட்டி வைப்போம்னு அவன் கண்ணை உருட்டுனான். "பயங்கரமா இருக்கும். பெரிய வயிறு இருக்கும், எவ்வளவு போட்டாலும் நிறையாது."

"அப்புறம்?"

"இனிப்பு வாசத்துக்கு மோப்பம் பிடிச்சுக்கிட்டு வரும்."

"அப்புறம்?"

"அமாவாசைக்கு அமாவாசை வரும். வந்தா வீட்டுல உள்ளதெல்லாம் தின்னாம விடாது."

பிள்ளை அவன் வயித்தைப் பாத்துச்சு. கழுதை மேல இருந்த வெல்லச் சாக்கைப் பாத்துச்சு. அவனை ஒரு தடவை கீழ இருந்து மேல வரைக்கும் பாத்துச்சு. பாத்துட்டு, கையைத் தட்டிக்கிட்டுக் குதிச்சுச்சாம்.

"அம்மா, கண்டம் கிடைச்சிருச்சு. அம்மா, இதுதாம்மா கண்டம்."

காலுல விழுந்து கிடந்த மருதாயி தலையைத் தூக்கிப் பாத்தா. முதல்ல வயிறு தெரிஞ்சுது. அதுக்கு மேல மூஞ்சி தெரிஞ்சுது. எழுந்திரிச்சு நின்னா. இத்தனை வருசம் அடக்கி வச்ச பயமெல்லாம் கோபமா மாறி, அடுப்படிக்குப் போயிப் பாகு கிண்டுற கட்டையைத் தூக்கிட்டு வந்துட்டா.

சடைச்சாமி கழுதையை விட்டுட்டு ஓடுனான். ஓட முடிஞ்சாத்தானே? பின்னாடி குப்பாயி, குப்பாயி பின்னாடி தெருப் பிள்ளைங்க, அதுக்குப் பின்னாடி மருதாயி, ஆண்டியப்பன், பூவாயி. "கண்டமே கண்டமே, நில்லு"ன்னு சத்தம் ஊரையே தூக்குது. குப்பாயி முற்றம் தாண்டி, கிணத்தடி தாண்டி, வரப்புல ஏறிக் குறுக்க போயி முன்னாடி நின்னுக்கிட்டா. கட்டில்ல கிடந்த அதே பிள்ளைதான். மூச்சு வாங்கல. அவனுக்குத்தான் இரைக்குது, மேல மூச்சு கீழ மூச்சு வாங்குது, அய்யோன்னு வரப்புல உக்காரப் போனான்.

குப்பாயி அவனை உத்துப் பாத்துட்டுச் சொன்னா, "உக்காராதீங்க சாமி. உங்களுக்கு உக்காந்தா கண்டம்."

அவ்வளவுதான், பாதி உக்காந்தவன் விருட்டுன்னு எந்திரிச்சிட்டான். கண்டம்னு சொல்றதெல்லாம் பொய்யின்னு அவனை விட நல்லாத் தெரிஞ்சவன் யாரு? அவன் சொன்ன பொய்தானே? ஆனாலும் மனசு கேக்கல. மூணு கண்டத்தையும் மிதிச்சுட்டு வந்து நிக்கிற பிள்ளை வாயால சொல்லிருச்சே, ஒருவேளை பலிச்சிருச்சுன்னா? ஆண்டியப்பன் கேட்ட அதே கேள்விதான், இப்ப அவன் கேக்குறான். மரத்தடியில உக்காரலாம்னு போவான், பலிச்சிருச்சுன்னான்னு நடப்பான். சத்திரத்துல உக்காரலாம்னு போவான், பலிச்சிருச்சுன்னான்னு நடப்பான். இலையில சோறு போட்டாலும் நின்னுக்கிட்டே தின்னுட்டு நடப்பான். நடந்து நடந்து வயிறு கரைஞ்சு பழைய ஒல்லிச் சாமி ஆயிட்டான், அப்பவும் அவனால உக்கார முடியல.

மருதாயிக்குப் பயம் போயிருச்சான்னு கேட்டா, போகல. பிள்ளை பெத்தவளுக்கு அது எங்க போகும்? பிள்ளை மரத்துல ஏறுனா இவளுக்கு இன்னைக்கும் உள்ள திக்குன்னு அடிக்கும். ஆனா பயத்தைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டா, பிள்ளையை மட்டும் இறக்கி விட்டுட்டா. பிள்ளை கூடவே தானும் ஓடுனா.

சந்தைக்குப் போற வழியில, நிக்காம உக்காராம ஒரு ஒல்லி ஆளு வேகவேகமாப் போனா அவன்தான் சடைச்சாமி, வழியை விட்டுருங்க. அவன் போயிட்டான், கதையும் அவன் பின்னாடியே போயிருச்சு. நீங்களும் எந்திரிங்க. கிணத்தடிக்கு ஓடிப்போயி யாரு முதல்ல காலு கழுவுறான்னு பாப்போம், இருங்க, நானும் வர்றேன்.